குரல் நின்றால் நிறுத்து

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அவளே ஒரு நொடி யோசித்துத்தான் எழுதுவாள். இருபத்தோரு வருடமாக ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஊருக்குச் சொல்வது அவள் உத்தியோகம். அந்தக் குரலைப் பற்றிச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். ஒரு தடவை மைக்கை அணைக்க மறந்து தும்மிவிட்டாள். மூன்று வண்டிகள் கிளம்பிப் போய்விட்டன. இன்னொரு தடவை, ஏழாம் நடைமேடையில் குடையை மறந்தவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தாள். பதினான்கு பேர் வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேர் வாழ்நாளில் குடையே வாங்காதவர்கள், கூப்பிட்ட குரலுக்கு மரியாதை கொடுத்து வந்தவர்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஊரையே எழுந்து ஓடவைத்த அந்தக் குரலுக்கு வீட்டில் ஒரே ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு ஆள்தான் பார்க்கவில்லை.

அந்த ஆள் அவள் வீட்டுக்காரர். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் இருபது மாடி உயரத்தில் ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு வாக்கி டாக்கி. சாயங்காலம்தான் இறங்குவார். கீழே வேலை செய்கிறவர்கள் அவரை ‘மேல இருக்கறவர்’ என்பார்கள். “இந்தக் கம்பிக் கட்டு எப்பண்ணே நகரும்?” என்று ஒருவர் கேட்பார். “மேல இருக்கறவர் மனசு வெச்சா நகரும்” என்று இன்னொருவர் சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுக்க இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இருவருக்கும் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட மூன்றாம் மாடி வீடு. மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபிறகு, அங்கே அதிகம் பேசுகிற ஜீவன் ஃப்ரிட்ஜ்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை உறுமும், கனைக்கும், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிடும். மைக்கம்மாவுக்கு அதன்மேல் ஒரு தோழமை உண்டு.

முன்பெல்லாம் அவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவர் கதவைத் திறந்த நொடியில் ஆரம்பிக்கும். “செருப்பை உள்ள விடுங்க. கை கழுவியாச்சா? சோறு கொதிக்குது, பத்து நிமிஷம் ஆகும். அந்த ஜன்னலைச் சாத்துங்க, தூசி வருது. இன்னைக்கு எங்க மேனேஜர் என்ன பண்ணாரு தெரியுமா?” அவர் செருப்பை உள்ளே விடுவார், கை கழுவுவார், ஜன்னலைச் சாத்துவார். மேனேஜர் என்ன பண்ணினார் என்று கேட்க மாட்டார். கேட்காவிட்டாலும் அவள் சொல்லி முடித்துவிடுவாள். மைக்கில் பேசிப் பழகியவள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளும் அவள் அறிவித்த வண்டிகளெல்லாம் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பின. அவள்தான் எங்கேயும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“ஒண்ணும் இல்லையாம். வெறும் கொழுப்புக் கட்டியாம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. “ம்” என்றார். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு எழுந்து போனார். குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது.

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். இந்த மனுஷன் தானாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை நானும் திறக்கப் போவதில்லை. இரண்டு நாள் தாங்குவார் என்று கணக்குப் போட்டாள். இரண்டு நாள் இரண்டு மாதமாகி, மூன்று வருடமாகிவிட்டது. வீம்பில் அவளுக்கு ஜோடி கிடையாது. இருந்த ஒரே ஜோடியையும் அவள்தான் கட்டியிருந்தாள்.

அவசியமானவை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்த துண்டுச் சீட்டுகளாக மாறின. ‘பால் இல்லை’ என்று எழுதினால் சாயங்காலம் பால் இருக்கும். ‘குழாய் ஒழுகுகிறது’ என்றால் மறுநாள் ஒழுகாது. சொன்னதைச் செய்வதில் அவரை மாதிரி ஒரு மனிதரைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் எழுதாத எதுவும் நடக்காது. முன்பு ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஆணி அடிப்பார், பால்கனியில் நின்று மேகத்தைப் பார்ப்பார், கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வருவார். அதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. சோபாவின் ஒரே ஓரத்தில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருப்பார். கல்லாகிக்கொண்டு வருகிறார் என்று அவள் நினைத்தாள். ராத்திரி படுக்கும்போது மட்டும், மூச்சு வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. அறுபது நடைமேடைகளோடு வேறொரு ஊரில் புதிய பேருந்து நிலையம் திறக்கிறார்கள். தலைமை அறிவிப்பாளராக அவளுக்கு அழைப்பு. தங்க அறை தருவார்கள். விருப்பம் உண்டா இல்லையா என்பதை ஐந்து வாரத்துக்குள், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை எழுதித் தர வேண்டும். கடிதத்தை அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அவர் வந்து நின்று கடைசி வரிவரை படித்தார். அதில் அவர் செய்யவேண்டியது எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆகவே எதுவும் செய்யாமல் போய் சோபாவில் உட்கார்ந்தார்.

அவள் நாத்தனார் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே தம்பதிகளை உட்காரவைத்துப் பேசும் ஆலோசகர் ஒருவர் இருப்பதை அவள்தான் சொன்னாள்.

“அண்ணி, எங்க அண்ணன் பொறந்ததுலேருந்தே அப்படித்தான். சின்ன வயசுல பல்லு விழுந்ததையே ரெண்டு நாள் கழிச்சுத்தான் வீட்டுல சொன்னான். அதுவும் ஏன் சாப்பிடலைன்னு கேட்டதுனால.”

“அப்ப என்னை எதுக்குடி கட்டி வெச்சீங்க?”

“நீங்கதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவீங்களே, சரியா இருக்கும்னு அம்மா சொன்னாங்க.”

“இருபது வருஷம் பேசினேன். வாய் வலிக்குதுடி.”

“அதான் சொல்றேன், ஒரு தடவை அந்த மேடத்தைப் பாருங்க. போறதா இருந்தாலும் பாத்துட்டுப் போங்க.”

ஃப்ரிட்ஜில் சீட்டு ஏறியது: ‘வியாழன் ஐந்து மணி. ஆலோசகர். வரணும்.’ கீழே முகவரி. வியாழக்கிழமை ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் முகம் கழுவி, தலை வாரி, அந்தக் கட்டட வாசலில் நின்றுகொண்டிருந்தார். வா என்றால் வருகிறவர்.

ஆலோசகர் குட்டையாக முடி வெட்டிய, ஐம்பது தாண்டிய அம்மாள். வீங்கிய முழங்காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டிவைத்துக்கொண்டுதான் பேசுவார். அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு நீள மேசை, தண்ணீர்க் குடம், மூக்குத் துடைக்க ஒரு பெட்டி நிறையத் தாள். முதல் நாள் இருவரையும் தனித்தனியாகக் கால் மணி நேரம் பார்த்தார்.

மைக்கம்மா தன் கால் மணியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியில், “எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள அவரா ‘போகாதே’ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நான் கேக்கக் கூடாது, நீங்களும் எடுத்துக் குடுக்கக் கூடாது. கேட்டு வாங்கினா அது எனக்கு வேண்டாம்” என்றாள்.

“சொல்லலைன்னா?”

“போயிடுவேன். இங்க யாரு இருக்கா?”

அவருடைய கால் மணி முடிந்து கதவு திறந்தபோது, ஆலோசகர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே பேசியது ஒரே ஒரு வார்த்தையாம்: “ஸ்க்ரூ.” முக்காலியின் ஒரு கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு, குனிந்து, தன் சாவியாலேயே திருகிச் சரிசெய்துவிட்டு, மிச்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் வியாழக்கிழமை ஆலோசகர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவர், காதில் விழுந்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். “மேடம் நீங்க ஆரம்பிங்க” என்றார். மூன்று வருடம் மூடிவைத்த வாய். மூன்று நிமிடம் பதினெட்டு நிமிடமானது. தனியாகச் சாப்பிட்டது, காய்ச்சலில் தனியாக மாத்திரை போட்டுக்கொண்டது, ஃப்ரிட்ஜ் கதவோடு குடும்பம் நடத்துவது, அந்த ஒன்பது நாள், அந்த ஒரு ‘ம்’. எல்லாம் வந்தது. முடித்துவிட்டு ஆறு தாள் எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

“சார், இப்ப நீங்க.”

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு திருப்பிச் சொன்னார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை. பதினெட்டு நிமிடமும். அவள் இடையில் ‘வந்து… வந்து…’ என்று தடுமாறிய இடத்தில் அவரும் இரண்டு ‘வந்து’ போட்டார். அவள் இருமிய இடத்தில் ஒரு நொடி இடைவெளி விட்டார். ‘அந்த மனுஷன் கல்லு மேடம்’ என்பதைக்கூடத் தயங்காமல் சொன்னார்.

மைக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “பாத்தீங்களா? டேப் ரெக்கார்டர் மேடம். இதோடதான் நான் இருபத்திநாலு வருஷம் குடித்தனம் பண்ணேன்.”

ஆலோசகர் அவளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், இப்படி ஒரு சொல் விடாம திருப்பிச் சொல்ல எங்க கத்துக்கிட்டீங்க?”

“வேலையில.”

“எப்படின்னு சொல்லுங்களேன்.”

அப்போது அவர் பேசினார். ஒரு கூட்டத்தில் பேசுவதுபோல் நேராக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துப் பேசினார். “கட்டடத்துக்குப் பின்னாடி எனக்குத் தெரியாது. கொக்கியில ரெண்டு டன் தொங்கும். அது எங்க போகுதுன்னு நான் பாக்க முடியாது. கீழ ஒருத்தர் நிப்பாரு. வாக்கி டாக்கியில அவரு சொல்லச் சொல்ல நான் நகத்துவேன். கஷ்டமான தூக்கா இருந்தா மொதல்ல அவரு முழுசாச் சொல்லுவாரு, நான் முழுசாத் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் கை வைப்பேன்.”

“நடுவுல அவர் குரல் நின்னுட்டா?”

“நிறுத்திடுவேன்.”

“எவ்வளவு நேரம்?”

“திரும்பக் குரல் வர்ற வரைக்கும்.”

“வரவே இல்லைன்னா?”

அவர் முதல் தடவையாக ஆலோசகரைப் பார்த்தார். இதென்ன கேள்வி என்று கேட்கிற பார்வை. “அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கணும். அசையக் கூடாது. கீழ ஆள் இருப்பாங்க.”

மைக்கம்மாவின் கையில் இருந்த தாள் உருண்டையாகிக்கொண்டே வந்தது. சோபாவின் ஓரம், முழங்காலில் வைத்த இரண்டு கை, நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அவர் வாயைத் திறக்கும் வரைக்கும் பேசாமலிருக்கலாம் என்று அவள் மூன்று வருடமாகக் காத்திருந்திருக்கிறாள், அவரோ குரல் வரட்டும் என்று மூன்று வருடமாக அசையாமலிருந்திருக்கிறார். இப்படி ஒரு கூத்து வேறு யார் வீட்டிலாவது நடக்குமா சொல்லுங்கள்.

இது தெரிந்ததும் அவள் உருகிப்போய்விட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவளுக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த வியாழக்கிழமை உட்கார்ந்த உடனேயே ஆரம்பித்தாள்.

“மேடம், ஒரு வாரமா இதையேதான் யோசிச்சேன். சரி, நான் நிறுத்தினேன், அவரும் நின்னுட்டாரு. ஒத்துக்கறேன். அப்ப வாழ்நாள் பூரா நான்தான் கீழ நின்னு கத்தணுமா? வலது, இடது, சாப்பிடு, தூங்கு, பொண்டாட்டிக்குக் கட்டி வந்தா பயப்படு, இல்லைன்னா சந்தோஷப்படுன்னு நானே சொல்லணுமா? எனக்கு யாரு சொல்லுவா?”

ஆலோசகர் அவர் பக்கம் திரும்பினார். “சார், அந்த ரிப்போர்ட் வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

நெடுநேரம் கழித்து, “நல்லா இருந்துச்சு” என்றார்.

“அதை இவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேனே. ம்-னு.”

மைக்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆலோசகர் மட்டும் ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். போகும்போது அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்: இனி பேசலாம், ஆனால் அவர் சொல்ல வேண்டியதையும் சேர்த்துப் பேசக் கூடாது. அவர் வாயைத் திறக்கப் பார்த்தால் முகத்தைத் திருப்பாமல் சும்மா இருக்க வேண்டும். “முறைச்சுக்கிட்டு சும்மா இருக்கறது வேற, இது வேற” என்றார். அவள் அந்த வாரம் முயன்றாள். வாய் தானாகத் திறந்துகொள்ளும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை முதல் புதன்வரை அவர் எதற்கும் வாயைத் திறக்கப் பார்க்கவில்லை. அவளும் சும்மா இருந்து பார்த்ததுதான் மிச்சம்.

நான்காம் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளி, கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய நாள். ‘போகாதே’ வரவில்லை. அவள் ஒரு பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டாள். அதை இறக்க உதவியவரும் அவர்தான். ‘பெட்டி வேணும்’ என்று சொன்னாள், இறக்கிக் கொடுத்தார்.

அன்று ஆலோசகர் நாற்காலிகளை அறை நடுவில் தாறுமாறாகப் போட்டுவைத்திருந்தார். குடத்திலிருந்து ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மைக்கம்மாவின் கையில் கொடுத்தார். தன் துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டினார்.

“சார், இன்னைக்கு நீங்க கீழ நிக்கறவரு. இவங்க தூக்கிக்கிட்டு வர்றாங்க. அந்த மூலையிலேருந்து இந்த மேசைவரைக்கும், ஒரு சொட்டு சிந்தாம கொண்டாந்து வெக்கணும். வழி சொல்லுங்க.”

முதலில் நன்றாகத்தான் போனது. “நேரா” என்றார். “கொஞ்சம் வலது. நில்லு. இடது. மெதுவா.” அவர் குரலை அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டு எத்தனையோ வருடமாகிறது. கரகரப்பாக, திறந்து பழகாத கதவுபோல இருந்தது. அவள் அந்தக் குரலின்மேல் கால் வைத்துக் கால் வைத்து நடந்தாள். பாதி வழி கடந்தாள். நாற்காலி ஒன்று முழங்காலில் உரசியது, தாண்டினாள்.

அங்கே குரல் நின்றுவிட்டது.

அவளும் நின்றாள். டம்ளர் கனத்தது. ஏதோ யோசிக்கிறார், இப்போது சொல்வார் என்று இருந்தாள். சொல்லவில்லை. கட்டிய கண்ணுக்குள் இருட்டு. எதிரே நாற்காலி இருக்கிறதா, மேசை இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. நகர்ந்தால் சிந்தும். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் மூன்று வருடம் என்பாள். கடிகாரப்படி நான்கு நிமிடம். “இருக்கீங்களா?” என்று கேட்க வாய் வந்தது. கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கடைசியில் மெல்லக் குனிந்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்தாள்.

அவர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் உயர்ந்திருந்தன. விரல்கள் கீழ்நோக்கி, மெதுவாக, மிக மெதுவாக, இறக்கு இறக்கு என்று காட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு கை பக்கவாட்டில் நகர்ந்து, இன்னும் ஒரு சாண் என்று அளந்து காட்டியது. நெற்றியெல்லாம் வேர்வை. அவர் நிறுத்தவே இல்லை. அந்த நான்கு நிமிடமும், கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்டாட்டிக்குக் கையாலேயே அவ்வளவு பதமாக, அவ்வளவு பத்திரமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் முக்காலியிலிருந்து காலை இறக்கினார். “சார், கண்ணைக் கட்டினவங்களுக்குக் கை தெரியாதே.”

“அது எனக்கும் தெரியும்” என்றார் அவர். கை இன்னும் இறங்கவில்லை. “மேசைகிட்ட வந்துட்டா. சிந்திடுவாளோன்னு இருந்துச்சு. குரல் வரல. கைதான் வந்துச்சு.”

மைக்கம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃப்ரிட்ஜும் குழாயும் பாலும், சீட்டு ஏறிய மறுநாளே சத்தமில்லாமல் நடந்துமுடிந்த எத்தனையோ காரியங்களும், அவள் முதுகுப் பக்கம் நின்று யாரோ காட்டிய கைகள்போல நினைவுக்கு வந்தன. ஆனால் அவள் இருட்டில் நின்றதும் உண்மைதான். இரண்டில் எதையும் அவளால் விட முடியவில்லை.

“அடுத்த வாரம் பாக்கெட்டுல கையை வெச்சுக்கிட்டு வாங்க” என்றார் ஆலோசகர். அடுத்த வாரம் ஒன்று இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது. அவளைப் பார்த்தார். அவள் டம்ளரை எடுத்து, இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மேசையில் வைத்தாள்.

இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே இருக்கை. அவள் ஜன்னல் பக்கம், அவர் ஓரத்தில். அந்த வண்டி எத்தனை நிறுத்தத்தில் நிற்கும் என்று அவளுக்கு மனப்பாடம். பதினொன்று. ஒன்றிலும் அவர் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. அவள் பதில் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். விருப்பம் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். இரண்டும் காலியாக இருந்தன. அவர் வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இடது ஷூவை முடித்து வலது ஷூவுக்கு வந்தபோது, நிமிராமலே, “நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

அவள் வாய் திறந்துவிட்டது. ‘சாப்பாட்டு டப்பாவா, மேசைமேல இருக்கு’ என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. மூடிக்கொண்டாள். கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை. அவர் வலது கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கீழே தெருவில் இரண்டு வண்டிகள் போயின. பக்கத்து வீட்டு அம்மாள் துணி உதறும் சத்தம் கேட்டது. அத்தனை துணியும் உதறி முடித்து உள்ளே போய்விட்டாள்.

“நீ போயிட்டா வீடு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன்” என்றார். “இப்ப இருக்கற மாதிரியேதான் இருக்கும்.”

அவள் கதவுப் பிடியை இறுக்கினாள்.

“அதான் பயமா இருக்கு” என்று முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி மாடிப்படியில் இறங்கிப் போனார்.

அவள் கேட்டிருந்தது இது இல்லை. ‘போகாதே’ என்ற வார்த்தை இதில் எங்கேயும் கிடையாது. நிலையத்தில் மத்தியானம்வரை படிவத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு வண்டிகளை அறிவித்தாள். நான்காம் நடைமேடைக்குப் போகவேண்டியவர்களை ஒன்பதுக்கு அனுப்பினாள். நடைமேடையை மாற்றிச் சொன்னது இருபத்தோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவர்கள் ஒன்பதாம் நடைமேடை வண்டியிலேயே ஏறிப் போய், போன ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டதாகக் கேள்வி.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து நின்றார். “என்னம்மா, உண்டா இல்லையா? தபால் போகணும்.”

அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தாள்.

“இல்லையா? அறுபது நடைமேடைம்மா. யோசிச்சுத்தான் போட்டியா? வீட்டுல விடமாட்டேன்னுட்டாரா?”

“அப்படி ஒண்ணும் அவரு சொல்லல சார்.”

“பின்ன?”

“பேச ஆரம்பிச்சிருக்காரு. பாதியில எப்படிப் போறது?”

மேனேஜருக்குப் புரியவில்லை. அவளுக்கே சரியாகப் புரியவில்லை. அந்த மனிதரின் அடுத்த வாக்கியம் என்ன என்று தெரியாமல் ஊரைவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அடுத்த வாக்கியம் வரப் பதினொரு நாள் ஆனது. முட்டாள்தனம் பண்ணிவிட்டோமோ என்று அந்தப் பதினொரு நாளில் அவள் நினைக்காத நாளில்லை. அறுபது நடைமேடைகளும் வரிசையாக வந்து கண்முன் நின்றன. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் தன்னைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசினாள், பிறகு சும்மா இருந்தாள். அவர் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது வெளியே எடுக்கவேண்டியிருந்ததால் அது பெரிய உபயோகமில்லை. நடுவில் வந்த வியாழக்கிழமை ஆலோசகர் எதிரில் முக்கால் மணி நேரம் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்கள். கூட்டத்தோடு இருக்கும்போது தனிமை கொஞ்சம் குறையும் என்பார்கள். மூன்று பேர் கூட்டம் போதவில்லை.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். இரண்டு கையும் பாக்கெட்டில்.

“வேலையில மத்தியானம் நீ யார்கூடச் சாப்பிடுவ?”

அவள் குழாயை மூடினாள். இருபத்திநாலு வருடத்தில் அவர் அவளைப் பற்றிக் கேட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இரண்டு விரல் மிச்சம் இருக்கும்.

“யார்கூடவும் இல்லைங்க. அந்த ரூமை விட்டு நகர முடியாது. மைக்குக்குப் பக்கத்துலயே டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு வண்டிக்கு நடுவுல சாப்பிட்டுக்குவேன்.”

அவர் யோசித்தார். அவள் சும்மா இருந்தாள்.

“நானும் மேலயேதான்” என்றார். “இறங்கி ஏறினா நேரம் போயிடும்.”

அவ்வளவு வருடமாக, ஊரின் இரண்டு மூலையில், ஒருவர் கண்ணாடிக்குள்ளும் ஒருவர் வானத்திலும், ஒரே சமையலறையில் கட்டிய இரண்டு டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதை இருவரும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர் இன்னும் போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

“ரெண்டு வண்டிக்கு நடுவுல எவ்வளவு நேரம் கிடைக்கும்?” என்று கேட்டார்.

ஒரே நாளில் இரண்டாவது கேள்வி. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி நின்று, காலை வண்டியிலிருந்து ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. இது முடிந்தால் அடுத்தது எப்போது வருமோ. நடைமேடை நடைமேடையாக, நிமிடம் நிமிடமாக, மெதுவாகச் சொன்னாள்.